மாணவர்கள் ஒரு முழுச் செயலியைப் படிக்கட்டும்: கணினித் துறைத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளின் கணினித் துறைத் தலைவர்களுக்கும், பாடத்திட்டக் குழு உறுப்பினர்களுக்கும், செயலி ஆய்வகம் நடத்தும் ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

ஆண்ட்ராய்டு செயலிகள் எழுதுவது என் தொழில். புதிதாக வேலைக்குச் சேர்பவர்களுக்குத் தொடக்கப் பயிற்சி தருவதும் என் பொறுப்பு. உங்களிடம் எனக்கு ஒரே வேண்டுகோள்தான். மொபைல் செயலி ஆய்வகத்தின் பாதி நேரத்தையாவது, மக்கள் அன்றாடம் பயன்படுத்தும் ஒரு கட்டற்ற செயலியின் (யாரும் படிக்கவும் மாற்றவும் பகிரவும் உரிமை தரும் செயலியின்) மூலநிரலைப் படிப்பதற்கு ஒதுக்குங்கள்.

பல ஆய்வகங்களில் வழக்கமாகத் தரும் பயிற்சிகளை நீங்கள் அறிவீர்கள். எழுத்தின் நிறத்தையும் அளவையும் மாற்றும் திரை, கணிப்பான், ஆர்எஸ்எஸ் ஓடை (ஒரு தளத்தின் புதிய பதிவுகளைப் பட்டியலாகத் தரும் கோப்பு) வாசிப்பான், எஸ்டி கார்டில் கோப்பு எழுதுதல், குறுஞ்செய்தி வந்தால் எச்சரிக்கை. ஒவ்வொன்றும் ஓரிரு திரைகள். ஈமுலேட்டரில் (கணினிக்குள் ஓடும் போலித் தொலைபேசியில்) ஒருமுறை ஓடிவிட்டால் திரையைப் படம் பிடித்து ரெக்கார்டு நோட்டில் ஒட்டி, கையெழுத்து வாங்கி, மறந்துவிடலாம். நான் பார்த்த சில நோட்டுகளில், பின்னணியில் வேலைகளைச் செய்வதற்கான ஏசிங்க்டாஸ்க் என்ற பழைய ஏற்பாடு இன்னும் இருக்கிறது. 2020-இல் ஆண்ட்ராய்டு 11 வந்தபோதே அதைக் கைவிடும்படி கூகுள் சொல்லிவிட்டது. எஸ்டி கார்டில் நினைத்த இடத்தில் எழுதும் வழியையும் ஆண்ட்ராய்டு 10 முதல் படிப்படியாக அடைத்துவிட்டார்கள். ஆனால் பழைய பாடம் என்பது சிறிய குறை. எந்தப் பயிற்சியையும் இன்னொரு மனிதர் பயன்படுத்தப்போவதில்லை என்பதைத்தான் நான் பெரிய குறையாக நினைக்கிறேன்.

ஆர்எஸ்எஸ் பயிற்சியையே எடுத்துக்கொள்வோம். ஆசிரியர் ஒரு ஓடையின் முகவரியைத் தருகிறார், மாணவர் தலைப்புகளைப் பட்டியலாகக் காட்டுகிறார், மதிப்பெண் கிடைக்கிறது. இதே வேலையைச் செய்யும் ஒரு கட்டற்ற செயலி இருக்கிறது: ஆன்டெனாபாட். பாட்காஸ்ட் கேட்பதற்கான இதன் அடித்தளம் ஆர்எஸ்எஸ்தான். தன்னார்வலர்கள் பத்தாண்டுக்கு மேலாக இதை வளர்த்துவருகிறார்கள். அதில் தேதியைப் படிக்கும் பகுதியை மட்டும் திறந்து பாருங்கள். ஆர்எஸ்எஸ் விதிப்படி தேதி எழுத ஒரு முறைதான் உண்டு. உலகில் ஓடை வெளியிடுபவர்களோ அதைப் பலவாறாக எழுதுகிறார்கள்: மாதப் பெயரை முழுதாக எழுதுபவர், நேர மண்டலத்தையே மறந்துவிடுபவர். இந்த ஒவ்வொரு வகைக்கும் ஆன்டெனாபாட் நிரலில் ஒரு வடிவம் சேர்த்து வைத்திருக்கிறார்கள், வரிசையாக முயன்று பார்க்கிறார்கள். அந்தப் பட்டியலைப் பார்க்கும் மாணவருக்கு, வெளியிலிருந்து வரும் தரவை நம்பக்கூடாது என்பதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

தரவுத்தளத்தில் பாடம் இன்னும் ஆழமானது. ஆய்வகத்தில் அட்டவணையின் அமைப்பை மாற்ற வேண்டுமென்றால் செயலியை நீக்கிவிட்டு மீண்டும் நிறுவுகிறோம். பல ஆண்டுகளாகச் சந்தாக்களைச் சேர்த்து வைத்திருக்கும் பயனரிடம் அப்படிச் சொல்ல முடியாது. ஆன்டெனாபாடில் டிபிஅப்கிரேடர் என்று ஒரு கோப்பு உண்டு. தரவுத்தளத்தின் பதிப்பு எண் இதற்குக் கீழே இருந்தால் இந்த நெடுவரிசையைச் சேர், அடுத்ததற்குக் கீழே இருந்தால் அதைச் செய் என்று படிப்படியாகக் கீழிறங்கும் கோப்பு அது. மிகப் பழைய பதிப்பை வைத்திருப்பவர் இன்று புதுப்பித்தாலும் எல்லாப் படிகளையும் வரிசையாகக் கடந்து, எதையும் இழக்காமல் வந்து சேர வேண்டும். எனக்குத் தெரிந்து, மாணவர்களை அரை மணி நேரம் அமைதியாக்கும் கோப்பு இதுதான். பயனர் மீது ஒரு நிரலாளர் காட்டும் மரியாதையை இதைவிடத் தெளிவாக எந்தப் பாடநூலிலும் நான் கண்டதில்லை.

பாட்டு ஓடும்போது தொலைபேசி அழைப்பு வந்தால் ஒலி நிற்க வேண்டும். பஸ்ஸில் இயர்போன் கழன்று விழுந்தால் அடுத்த இருக்கைக்குக் கேட்காமல் உடனே நிற்க வேண்டும். திரை அணைந்த பிறகும் ஒலிபரப்பு தொடர வேண்டும். இவை ஒவ்வொன்றுக்கும் ஆண்ட்ராய்டில் தனித்தனி ஏற்பாடு உண்டு. கணிப்பான் எழுதும் மாணவர் இவற்றில் ஒன்றையும் சந்திப்பதே இல்லை.

மொழிப் பாடத்தில் நாம் குழந்தையை முதலில் படிக்க வைக்கிறோம், பிறகுதான் கட்டுரை எழுதச் சொல்கிறோம். நிரலாக்கத்தில் மட்டும் முதல் நாளிலிருந்தே எழுதச் சொல்கிறோம். பிறர் எழுதிய நிரலைப் படிக்காமலேயே நான்கு ஆண்டுகள் முடிந்துவிடுகின்றன. வேலைக்கு வந்ததும் அவர்கள் கையில் கிடைப்பது பிறர் எழுதிய, லட்சக்கணக்கான வரிகள் கொண்ட நிரல். எங்கே தொடங்குவது என்று தெரியாமல் திகைக்கிறார்கள். திறமை குறைந்த பிள்ளைகள் அல்லர் அவர்கள். அந்தப் பழக்கம் அவர்களுக்குத் தரப்படவில்லை.

எப்படி மதிப்பிடுவது என்று கேட்பீர்கள். ஒரு பொத்தானை அழுத்துவதிலிருந்து தரவுத்தளத்தில் ஒரு வரி மாறுவது வரை உள்ள பாதையைக் கண்டுபிடித்து இரண்டு பக்கம் எழுதச் சொல்லுங்கள். நிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் கிட் கருவியின் வரலாற்றில் ஒரு மாற்றத்தைத் தேர்ந்தெடுத்து, அது ஏன் தேவைப்பட்டது, யார் எதிர்த்தார், எப்படித் தீர்ந்தது என்று வைவாவில் விளக்கச் சொல்லுங்கள். பழைய பிழை ஒன்றைத் தன் கணினியிலேயே சரிசெய்து காட்டட்டும். இதில் யாரும் யாரிடமிருந்தும் பார்த்து எழுத முடியாது, ஒவ்வொருவருக்கும் வேறு பாதையைக் கொடுக்கலாம்.

ஆனால் ஒன்றை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். ‘புல் ரிக்வெஸ்ட் (ஒரு திட்டத்துக்கு அனுப்பும் மாற்றக் கோரிக்கை) ஏற்கப்பட்டால்தான் மதிப்பெண்’ என்று விதி வைக்காதீர்கள். கட்டற்ற திட்டங்களுக்குப் பங்களிப்பதை ஊக்குவிக்கும் ஹேக்டோபர்ஃபெஸ்ட் என்ற நிகழ்வில் 2020 அக்டோபரில் நடந்ததை நினைவில் கொள்ளுங்கள். நான்கு மாற்றங்கள் அனுப்பினால் டி-ஷர்ட் என்றதும், விளக்கக் கோப்பில் ஒரு சொல்லைச் சேர்த்து அனுப்பும் பொருளற்ற மாற்றங்கள் திட்டங்களின் மேல் மழையாகப் பொழிந்தன. சில நாட்களிலேயே விதியை மாற்றி, விருப்பம் தெரிவித்த திட்டங்கள் மட்டுமே கணக்கில் வரும் என்று அறிவிக்க வேண்டியதாயிற்று. பராமரிப்பாளர்கள் பலர் சம்பளமின்றி, இரவில் தங்கள் ஓய்வு நேரத்தில் இந்த வேலையைச் செய்பவர்கள். ஒரு வகுப்பின் அறுபது பேரை ஒரே வாரத்தில் அவர்கள் வாசலுக்கு அனுப்புவது நியாயமாகாது. மாற்றம் தகுதியானதா என்று நீங்கள் முதலில் பாருங்கள், தகுதியானது மட்டும் வெளியே போகட்டும்.

உரிமத்தையும் இங்கேதான் கற்பிக்க வேண்டும். இறுதியாண்டு புராஜெக்டை விலைக்கு விற்கும் சென்டர்கள் நம் ஊர்களில் இருப்பதும், அங்கே கிடைப்பதில் பல கட்டற்ற செயலியின் பெயரை மாற்றிய நகல்கள் என்பதும் உங்களுக்குத் தெரியும். நகலெடுப்பதையும் மாற்றுவதையும், கட்டற்ற மென்பொருளுக்கான ஜிபிஎல் உரிமம் தாராளமாக அனுமதிக்கிறது. மாற்றியதைப் பிறருக்குக் கொடுத்தால் மூலநிரலையும் அதே உரிமத்தில் கொடுக்க வேண்டும், முன்னவர்களின் பதிப்புரிமைக் குறிப்பை அழிக்கக்கூடாது. இந்த உரிமத்தின் வலிமைக்கு உயிருள்ள சான்று ஒன்று உண்டு. சிம்பிள் மொபைல் டூல்ஸ் என்ற செயலித் தொகுப்பு 2023-இன் இறுதியில் ஒரு நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. ஜிபிஎல் உரிமம் இருந்ததால், முன்பு அதில் பங்களித்தவர்கள் நிரலை எடுத்து ஃபாசிஃபை என்ற பெயரில் தொடர்ந்தார்கள். அத்தொகுப்பில் ஒரு கணிப்பானும் உண்டு. ஆய்வகக் கணிப்பானை எழுதி முடித்த மறுநாள் அதையும் இதையும் அருகருகே திறந்து பார்ப்பது மிக நல்ல முதல் வகுப்பாக இருக்கும்.

நம் மாணவர்கள் மற்றவர்களைவிட நன்றாகச் செய்யக்கூடிய வேலை ஒன்றும் இருக்கிறது. தொலைபேசியின் மொழியைத் தமிழுக்கு மாற்றி, எழுத்தளவைச் சற்றே பெரிதாக்கி, செயலியின் ஒவ்வொரு திரையாகப் பாருங்கள். ஆங்கிலத்துக்கு அளந்து வைத்த பொத்தானில் தமிழ் எழுத்துகள் வெட்டுப்பட்டு நிற்பதைக் காண்பீர்கள். எந்தத் திரை, எந்தத் தொலைபேசி, எந்தப் பதிப்பு என்று படத்துடன் எழுதி அனுப்பினால், தமிழ் தெரியாத எந்தப் பராமரிப்பாளரும் அதை நன்றியோடு ஏற்பார்.

ஆய்வகக் கணினிகள் தாங்காது என்ற தடையையும் நான் அறிவேன். செயலி எழுதப் பயன்படும் ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவுக்குக் குறைந்தது 8 ஜிபி நினைவகம் வேண்டும், ஈமுலேட்டரையும் சேர்த்தால் அதுவும் திணறும். ஈமுலேட்டரை விட்டுவிடுங்கள், மாணவரின் தொலைபேசியை யுஎஸ்பி கம்பியில் இணைத்து ஓட்டலாம். மூலநிரலைச் செயலியாகக் கட்டும் கருவியான கிரேடில் முதல்முறை தரவிறக்கும் நூலகங்களை ஒரு கணினியில் இறக்கி, மற்றவற்றுக்கு நகலெடுத்து வையுங்கள். ஜாவா மட்டுமே தெரிந்த ஆசிரியர் ஆன்டெனாபாடை எடுக்கலாம், அதன் பெரும்பகுதி ஜாவாதான். கோட்லின் மொழியைக் கற்பிப்பவருக்கு விக்கிப்பீடியாவின் ஆண்ட்ராய்டு செயலி இருக்கிறது. சிறியவை வேண்டுமென்றால் கட்டற்ற செயலிகளுக்கான எஃப்-டிராய்டு தளத்துக்குப் போங்கள்; அங்குள்ள ஒவ்வொரு செயலியின் பக்கத்திலும் மூலநிரலுக்கு இணைப்பு உண்டு.

பாடத்திட்டம் மாறும் வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. இந்தப் பருவத்திலேயே ஒரு பிரிவில், ஒரு செயலியை வைத்து, நான்கு வகுப்புகளுக்கு முயன்று பாருங்கள். கட்டற்ற மென்பொருளைப் பற்றித் தமிழிலேயே எழுதிவரும் கணியம் போன்ற அமைப்புகளும், விழுப்புரத்திலும் சென்னையிலும் இயங்கும் லினக்ஸ் பயனர் குழுக்களும் இருக்கின்றன, அவர்களிடம் கேளுங்கள். சனிக்கிழமைகளில் வந்து மாணவர்களோடு உட்கார்ந்து படிக்க நானும் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓர் ஆண்ட்ராய்டு நிரலாளர்