மூளை ஆய்வுக்கு நிதி ஒதுக்குபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

பக்கவாதம் வந்தவர்களுக்கு நடைப்பயிற்சியும் கைப்பயிற்சியும் கொடுப்பது என் வேலை. என்னிடம் வரும்போது அவர்கள் மூளையில் நடக்க வேண்டிய சேதம் எல்லாம் நடந்து முடிந்திருக்கும். அந்த முதல் சில மணி நேரத்தைப் பற்றிய ஆய்வுகளை நான் தேடிப் படிப்பது அதனால்தான்.

மூளையின் பெரிய ரத்தக்குழாய் ஒன்று அடைபட்டால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் சாகின்றன என்று 2006இல் கணக்கிட்டார்கள். இதை எல்லோரும் சொல்கிறோம். அந்த நேரத்தில் மூளை கையைக் கட்டிக்கொண்டு இருப்பதில்லை என்பதை அவ்வளவாகச் சொல்வதில்லை. நினைவுக்குத் தேவையான ஹிப்போகேம்பஸ் பகுதியையே எடுத்துக்கொள்ளுங்கள். ரத்தம் நின்றால் அங்கே சிஏ1 என்ற பகுதியில் உள்ள செல்கள் செத்துவிடும். பக்கத்திலேயே இருக்கும் சிஏ3 பகுதியின் செல்கள் பெரும்பாலும் தப்பித்துவிடும். காரணத்தைத் தேடிய ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள், அந்த நெருக்கடியில் சிஏ3 செல்கள் ஹமார்ட்டின் என்ற புரதத்தைக் கூடுதலாக உண்டாக்குவதை 2013இல் எலிகளில் காட்டினார்கள். செல் தன் பழுதான பாகங்களைத் தானே செரித்துக்கொள்ளும் வேலையை இந்தப் புரதம் முடுக்கிவிடுகிறது. அதைக் குறைத்தபோது சிஏ3 செல்களின் தாக்குப்பிடிக்கும் திறனும் குறைந்தது.

இன்னொன்று, 2016இல் வெளியானது. ஆஸ்ட்ரோசைட் எனும் துணைச் செல்கள், பக்கவாதத்துக்குப் பிறகு செல்லுக்குச் சக்தி தரும் பாகமான தங்கள் மைட்டோகாண்ட்ரியாவையே நரம்பணுக்களுக்குக் கொடுக்கின்றன. படித்தபோது நம்பவே முடியவில்லை.

சரி, இவ்வளவு தெரிந்தும், மூளையின் இந்தத் தற்காப்பைப் பயன்படுத்தும் சிகிச்சை ஏன் கைக்கு வரவில்லை? 2006 வரை சோதிக்கப்பட்ட பக்கவாதச் சிகிச்சைகளை ஒரு குழு எண்ணிப் பார்த்தது: 1,026. எலிகளில் பலன் தந்தவற்றில் பெரும்பாலானவை மனிதர்களிடம் தோற்றுப்போயின. பல சோதனைகள் இளம், ஆரோக்கியமான விலங்குகளில் நடந்தவை. பக்கவாதம் வருகிறவர்களோ பெரும்பாலும் வயதானவர்கள். ரத்த அழுத்தமும் சர்க்கரையும் கூடவே இருக்கும். அப்புறம், எலி பகலில் தூங்கும் பிராணி. ஆய்வகம் இயங்குவது பகலில். பகலில் மூளையைக் காப்பாற்றிய மூன்று சிகிச்சைகள் இரவில், எலி விழித்திருக்கும் நேரத்தில், பலன் தரவில்லை என்று 2020இல் ஒரு ஆய்வு காட்டியது. இத்தனை வருடம் இதை யாரும் பெரிதாக யோசிக்கவில்லை என்பது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

கையில் பட்டை கட்டிச் செய்யும் சிகிச்சையின் கதை வேறு. கையின் ரத்த ஓட்டத்தைச் சில நிமிடம் நிறுத்தி, பிறகு விட்டு, மறுபடி நிறுத்தினால் மூளையின் தற்காப்பு விழித்துக்கொள்ளும் என்பது எண்ணம். சீனாவில் 2022இல் வெளியான பெரிய சோதனையில், பட்டை கட்டியவர்களில் 67.4 சதவீதம் பேர் மூன்று மாதத்தில் நன்றாகத் தேறியிருந்தார்கள். கட்டாதவர்களில் 62 சதவீதம். 2023இல் வெளியான டென்மார்க் சோதனையில் பலனே இல்லை. ஆனால் சீனாவில் பத்து முதல் பதினான்கு நாள் வரை, தினம் இருமுறை கட்டினார்கள். டென்மார்க்கில் முதல் பட்டையை ஆம்புலன்ஸிலேயே கட்டினார்கள். இரண்டும் ஒரே கேள்விக்கான பதில்கள் அல்ல. ஒரு தோல்வியைக் காட்டி இந்தக் கோப்பை மூடிவிடாதீர்கள் என்றுதான் கேட்கிறேன். அதேபோல ஒரு வெற்றியைக் காட்டி எல்லா ஆம்புலன்ஸிலும் பட்டையை ஏற்றிவிடவும் வேண்டாம்.

அமெரிக்க அரசு நிதியில் ஒரு நல்ல முன்மாதிரி நடந்திருக்கிறது. ஆறு சிகிச்சைகளைப் பல ஆய்வகங்கள் ஒரே நேரத்தில், எந்த விலங்குக்கு எது கொடுக்கப்பட்டது என்று மதிப்பிடுபவருக்குத் தெரியாமல், வயதான எலி, கொழுத்த எலி, ரத்த அழுத்தம் உள்ள எலி என்று சோதித்தன. கடைசியில் தேறியது யூரிக் அமிலம். மூட்டுவலிக்குக் குற்றவாளியாக நாம் திட்டும் அதே பொருள், உடலின் சொந்த ஆக்சிஜனேற்றத் தடுப்பானும்கூட.

உங்கள் அடுத்த விண்ணப்பப் படிவத்தில் இதையெல்லாம் கேளுங்கள்: விலங்கின் வயது என்ன, நோய் என்ன, எந்த நேரத்தில் சோதித்தீர்கள், வேறு எந்த ஆய்வகம் மறுபடி செய்து பார்க்கும்? மறுபடி செய்து பார்ப்பதற்குத் தனியாகப் பணம் ஒதுக்குங்கள். பலன் தராத முடிவுகளையும் வெளியிட வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பிசியோதெரபிஸ்ட்