கிழமைக் கட்டுக்காசுக்கு வெங்காயம் விளையாது

ஆசிரியர் அவர்கட்கு,

அடைவு வைக்காமல், பெண்களைக் குழுவாகச் சேர்த்துக் கொம்பனிகள் கொடுக்கும் சிறு கடனான நுண்கடன் பற்றிப் பேச்செழும்போதெல்லாம், பெண்கள் கணக்குப் பாராமல் கடன்படுகிறார்கள் என்று சிலர் எழுதிவிடுகிறார்கள். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் நெடுங்காலம் வேலை செய்பவள் என்ற முறையில் இதை மறுக்கிறேன். எங்கள் பெண்களுக்குக் கணக்குத் தெரியும். கடன் கொடுப்பவர்கள்தான் முழுக் கணக்கையும் சொல்வதில்லை.

50,000 ரூபா கடனுக்கு ஆண்டுக்கு 24 வீதம் வட்டி என்றால் 62,000 ரூபாவை 52 கிழமையில் கட்டி முடிக்க வேண்டும். கட்டுக்காசு, அதாவது தவணைப் பணம், கிழமைக்கு ஏறக்குறைய 1,200 ரூபா. கட்டக் கட்ட, வாங்கிய முதல் குறைந்துகொண்டே வருகிறது. வட்டியோ கடைசிவரை முழு 50,000 ரூபாவுக்கும் அறவிடப்படுகிறது. மிஞ்சியிருக்கும் முதலுக்கு மட்டும் பார்த்தால் அந்த வட்டி 40 வீதத்தையும் தாண்டும். இதைக் கடன் பத்திரத்தில் தமிழில் எழுதிக் கொடுத்தால் எத்தனை பேர் கையொப்பம் வைப்பார்கள்?

யாழ்ப்பாணத்து வலிகாமப் பகுதியில் சின்ன வெங்காயம் நட்டால் கிண்டி விற்க இரண்டு மாதத்துக்கு மேலாகும். கட்டுக்காசோ அடுத்த கிழமையே தொடங்கிவிடும். முதலில் தோடு அடைவுக்குப் போகிறது. பிறகு, இந்தக் கடனைக் கட்ட இன்னொரு கொம்பனியில் கடன். குழுவில் ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்டவேண்டும் என்பதால், கோயிலுக்கு ஒன்றாகப் போய்வந்த அயலவர்கள் முகம் பார்த்துக் கதைப்பதில்லை. போரில் கணவரை இழந்து பிள்ளைகளோடு தனித்திருக்கும் பெண்ணின் படலையில், கடன் அறவிடுபவர்கள் இருட்டிய பிறகும் வந்து நின்று காசு கேட்கிறார்கள். எந்தச் சட்டம் இதற்கு இடம் கொடுத்தது?

2018இல் இலங்கைக்கு வந்த ஐ.நா. சுயாதீன நிபுணர், சில கடன்களின் வட்டி 220 வீதம் வரை போவதையும், அறவிட வருபவர்கள் பெண்களைப் பாலியல் ரீதியாக வற்புறுத்துவதையும் சுட்டிக்காட்டினார். அதே ஆண்டில், வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்கள் தவணை தவறிய, ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசு முன்வந்தது. யாழ்ப்பாணமும் அதில் அடங்கும். நல்ல காரியம். ஆனால் அடுத்த போகத்துக்கு விதை வெங்காயம் வாங்கப் பணம் வேண்டுமே! அதற்கு வேறு வழி காட்டாததால் பெண்கள் மறுபடி பழைய கொம்பனிகளிடமே கடனுக்குப் போனார்கள்.

குடாநாட்டுக்குக் கூட்டுறவு புதிதல்ல. சிக்கனக் கடனுதவு கூட்டுறவுச் சங்கங்களுக்கு மாகாண நிர்வாகம் முதற்பணம் கொடுத்து, விளைச்சல் கைக்கு வரும் மாதத்தில் தவணை கட்டும்படி கடன் வழங்கச் செய்யவேண்டும். தாங்களும் மேலே சொன்ன வட்டிக் கணக்கை ஒரு அட்டவணையாகப் பத்திரிகையில் வெளியிட்டால், அதை வெட்டி எங்கள் சங்க மண்டபத்தில் ஒட்டிவைப்போம்.

மாதர் சங்க உறுப்பினர் ஒருவர்,
சுன்னாகம்.