அந்தப் பேய்க்கு இருட்டும் ஒலியும் வேண்டும்: கொங்கு நாட்டுத் திரைப்படச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம், நாமக்கல் என ஊருக்கு ஊர் நல்ல சினிமாவைத் தேடித் திரையிட்டுவரும் நண்பர்களுக்கு வணக்கம்.

ராபர்ட் வைஸ் இயக்கிய ‘தி ஹாண்டிங்’ படத்தை வரும் ஆடி மாதத்தில் நீங்கள் திரையிட வேண்டும் என்று கேட்கவே இந்த மடல். 1963இல் வந்த கறுப்பு வெள்ளைப் படம். ஷெர்லி ஜாக்சன் 1959இல் எழுதிய ‘தி ஹாண்டிங் ஆஃப் ஹில் ஹவுஸ்’ நாவல்தான் மூலம். இதே பெயரில் 1999இல் வந்த கலர்ப் படம் ஒன்றும் இருக்கிறது. அது பேயைக் கிராஃபிக்ஸில் காட்டிவிடும். தயவுசெய்து அதை எடுத்து வந்துவிடாதீர்கள்.

வைஸின் படத்தில் பேய் ஒரு தடவைகூடக் கண்ணுக்குத் தெரியாது. பேய் வீடு என்று பேரெடுத்த ஒரு மாளிகையில் ஆராய்ச்சி செய்ய ஒருவர் ஆட்களை வரவழைக்கிறார். வந்தவர்களில் ஒருத்தி எலினோர். ஜூலி ஹாரிஸ் நடித்திருக்கிறார். படுத்த படுக்கையாகக் கிடந்த அம்மாவை 11 ஆண்டுகள் பார்த்துக்கொண்டவள் அவள். அம்மாவுக்கு ஏதாவது வேண்டுமென்றால் சுவரில் தட்டிக் கூப்பிடுவார். ஒரு ராத்திரி தட்டியபோது இவள் போகவில்லை, அம்மா இறந்துவிட்டார். இப்படிப்பட்டவள் அந்த மாளிகையில் படுத்திருக்கும்போது நடுராத்திரியில் சுவரில் சத்தம் கேட்கிறது. அரைத்தூக்கத்தில், “இதோ வர்றேம்மா” என்கிறாள். நோயாளியை வைத்துப் பார்த்த எந்த வீட்டுப் பெண்ணுக்கும் அந்த இடத்தில் நெஞ்சு அடைத்துக்கொள்ளும். பயமுறுத்துவதற்கு முன்பே படம் நம்மை அவள் பக்கத்தில் உட்கார வைத்துவிடுகிறது.

இன்னொரு ராத்திரி. இருட்டில் சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ முணுமுணுக்கிறார்கள், ஒரு குழந்தை அழுகிறது. கேமரா சுவரில் உள்ள பூவேலைப்பாட்டையே பார்த்துக்கொண்டு நிற்கிறது. பார்க்கப் பார்க்க அதில் ஒரு முகம் தெரிகிற மாதிரி இருக்கிறது. எலினோர் தோழி தியோவின் கையை இறுகப் பிடித்திருக்கிறாள். கத்திவிடுகிறாள், விளக்கு எரிகிறது. தியோ அறையின் மறுகோடியில் இருக்கிறாள். அப்படியானால் இவ்வளவு நேரம் பிடித்திருந்தது யார் கையை? நாவலிலும் இந்தக் கட்டம் உண்டு. ஆனால் சுவரில் தெரியும் அந்த முகத்தைத் தருவது சினிமா.

கனமான மரக்கதவு மூச்சு விடுவதுபோல உள்பக்கமாகப் புடைக்கும் காட்சியும் அப்படித்தான். மறுபக்கம் ஆள் நின்று தள்ளி எடுத்தது. வீட்டின் கோணல் கண்ணில் படவேண்டும் என்று, நேர்க்கோடுகளை வளைத்துக் காட்டும், இன்னும் முழுதாகத் தயாராகாத ஒரு வைட் ஆங்கிள் லென்ஸைப் பானாவிஷன் கம்பெனியிடம் வைஸ் கேட்டு வாங்கினார். அந்த மாளிகையில் எந்த மூலையும் சரியான செங்கோணத்தில் இல்லை, அதனால் கதவுகள் தானாகவே சாத்திக்கொள்கின்றன. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக்காற்றில் நம் வீட்டுக் கதவுகளும்தான் அடித்துச் சாத்திக்கொள்ளும். ஆடியில் போடச் சொல்வது அதனால்தான்.

நாவலைப் படமாக்குவது நம் ஊருக்குப் புதிதல்ல. நாமக்கல் கவிஞர் ராமலிங்கம் பிள்ளையின் ‘மலைக்கள்ளன்’ நாவலைக் கோவை பட்சிராஜா ஸ்டுடியோவின் ஸ்ரீராமுலு நாயுடு 1954இல் எம்.ஜி.ஆரை வைத்துப் படமாக்கினார். சாமிக்கண்ணு வின்சென்ட் 1914இல் வெரைட்டி ஹால் என்ற திரையரங்கைக் கட்டிய ஊர் கோவை. அடுத்த மாதமே ‘மலைக்கள்ளன்’ நாவலையும் படத்தையும் சேர்த்து வைத்துப் பேசினால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

சரி, திரையிடும் விதம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அண்மையில் ஓர் இடத்தில் வேறொரு பழைய படம் பார்த்தேன். பின்வரிசையில் டியூப்லைட் எரிந்துகொண்டிருந்தது, தலைக்கு மேல் ஃபேன் கடகடத்தது, படத்தின் பாதியில் டீ வந்தது. டீ கொடுத்தவர்களின் அன்பில் குறையில்லை. ஆனால் ‘தி ஹாண்டிங்’ அப்படிப் பார்க்கிற படம் இல்லை. ஒலிதான் அதில் பேய். மெதுவாகத் தொடங்கி வாசலை நெருங்கிவரும் அந்த இடிச் சத்தம் ஃபேன் சத்தத்தில் கரைந்துபோனால் படமே இல்லை. முந்தின நாளே ஸ்பீக்கரைப் போட்டுப் பாருங்கள். ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டுங்கள். 112 நிமிடப் படம்தான், இடைவேளை வேண்டாம். அறிமுக உரையில் கதையைச் சொல்லிவிடாதீர்கள். பேச்செல்லாம் படம் முடிந்தபின் இருக்கட்டும். வசன எழுத்துகள் பின்வரிசைக்கும் தெரிகிறதா என்று ஒருமுறை அங்கே போய் உட்கார்ந்து பாருங்கள். முடிந்தால் மாலைக் காட்சியாக, கருக்கலுக்குப் பிறகு தொடங்குங்கள்.

கறுப்பு வெள்ளை என்றால் இளைஞர்கள் வரமாட்டார்கள் என்று உங்களில் சிலர் நினைப்பது எனக்குத் தெரியும். கல்லூரி விடுதிகளில் சுவரொட்டி ஒட்டுங்கள், “பேயைக் காட்டாத பேய்ப்படம்” என்று மட்டும் போடுங்கள், வருவார்கள். துணி கட்டவும் நாற்காலி போடவும் ஆள் வேண்டுமென்றால் சொல்லியனுப்புங்கள், முதல் ஆளாக வந்து நிற்கிறேன்.

அன்புடன்,
பொள்ளாச்சியிலிருந்து ஒரு ரசிகர்