அலாரத்தை அணைத்தவனின் நன்றி மடல்

கிறிஸ்துவுக்குள் அன்பான பாஸ்டர் ஐயா, ஜெபக்குழு அண்ணன்மார், அக்காமார் எல்லோருக்கும் ஸ்தோத்திரம்.

புத்தாண்டு ஆராதனையில் எழுந்து நின்று நான் முழங்கியது உங்களுக்கு மறந்திருக்காது. தினமும் காலை 4 மணிக்கு எழுவேன், வேதாகமத்தின் 1,189 அதிகாரங்களையும் ஒரே வருஷத்தில் வாசித்து முடிப்பேன் என்றேன். கணக்கும் பக்காவாகப் போட்டிருந்தேன்: நாளுக்கு மூன்று, ஞாயிறு ஐந்து. ஆதியாகமம் ஓடியது, யாத்திராகமமும் ஓடியது. பிப்ரவரி பிறந்ததும் லேவியராகமம் 13-இல், குஷ்டரோகப் பிரமாணங்களில், வண்டி நின்றது. அலாரம் அடிக்கும், அணைப்பேன். பிறகு அலாரமே வைக்கவில்லை. பக்க அடையாளத்துக்கு வைத்த சிவப்பு நாடா மாதக்கணக்கில் அங்கேயே கிடந்து தாளில் கோடு விழுந்துவிட்டது.

வாசிப்பு நின்றதைவிட, எந்த முகத்தோடு ஜெபிப்பது என்ற கூச்சம்தான் என்னைத் தின்றது. கூட்டத்துக்கு வருவதையும் விட்டேன்.

அக்கா, வியாழன்தோறும் நீங்கள் அனுப்பிய ஒரே வரி: "இன்னைக்கு உன் பேரைச் சொல்லி ஜெபிச்சோம்." ஏன் வரவில்லை என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அண்ணா, நீங்கள் வீட்டுக்கு வந்து, ஒரு வசனமும் சொல்லாமல் ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தீர்கள். வசனம் சொல்லியிருந்தால் எரிச்சல்பட்டிருப்பேன், உண்மையைச் சொல்கிறேன்.

ஐயா, திட்டு வாங்கத் தயாராகத்தான் உங்களிடம் வந்தேன். நீங்கள் தேவன் ஆபிராமோடு உடன்படிக்கை செய்கிற ஆதியாகமம் 15-ஐத் திறந்தீர்கள். உடன்படிக்கை செய்கிறவர்கள் வெட்டிவைத்த துண்டங்களின் நடுவே நடந்துபோவார்கள், எரேமியா 34-இலும் அது இருக்கிறது என்றீர்கள். ஆபிராம் மிருகங்களைத் துண்டித்து எதிரெதிராக வைத்தான், இறங்கிய பறவைகளைத் துரத்தினான். சூரியன் சாயும்போது அயர்ந்து தூங்கிவிட்டான். தேவனுக்கு அடையாளமான புகைகிற சூளையும் அக்கினிஜுவாலையும்தான் நடுவே கடந்துபோயின. "தம்பி, ஆபிராம் அதுல நடக்கவே இல்ல பாத்தியா?" என்று கேட்டுவிட்டு வேதாகமத்தை மூடிவிட்டீர்கள். எத்தனை தடவை வாசித்த அதிகாரம்! அவன் தூங்கியது என் கண்ணில் பட்டதே இல்லை. நான்கு மணிக்கு எழ முடியாதவனுக்கு அந்த இரவு தூக்கம் வரவில்லை, போங்கள்.

இப்போது ஆறரைக்கு எழுகிறேன், சில நாள் ஏழு. நாளுக்கு ஓர் அதிகாரம், சில நாள் அதுவும் இல்லை. நேற்று நாடாவை எடுத்துவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். 13-இல் குஷ்டரோகி பாளயத்துக்கு, அதாவது ஜனங்களின் கூடார முகாமுக்கு, புறம்பே தனியாக இருக்கிறான். 14-இல் ஆசாரியன் பாளயத்தை விட்டு வெளியே அவனிடம் போகிறான். இதற்கு ஒரு பக்கம் முன்னால்தான் நான் நிறுத்தியிருக்கிறேன்.

அக்கா, உங்கள் செய்திகள் மொத்தம் 31. எல்லாவற்றுக்கும் சேர்த்து என் பதில் இதுதான்: இந்த வியாழன் வருகிறேன்.

உங்கள் தம்பி