ஓ பிரிவு 40 சதவீதம்; ஓ மரபணு?

ஆசிரியர் அவர்களுக்கு,

ஓ ரத்தப் பிரிவினர் 40 சதவீதம் என்றால் ஓ மரபணுவும் 40 சதவீதம்தான் என்று உங்கள் அறிவியல் பக்கத்தில் வந்திருப்பது சரியல்ல. தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டும் ஓ-வாக வந்தவர்தான் ஓ பிரிவு. எனவே 0.40-க்கு வர்க்கமூலம் எடுக்க வேண்டும்: 0.6325. மீதி ஓ மரபணுக்கள் ஏ, பி பிரிவினரிடம் மறைந்து கிடக்கின்றன.

கணக்குக்காக 1,000 பேர்: ஓ 400, ஏ 220, பி 320, ஏபி 60. ஏ மரபணுவே இல்லாதவர்கள் ஓ-வும் பி-யும், அதாவது 0.72. அதன் வர்க்கமூலத்தை 1-இல் கழித்தால் ஏ மரபணு 0.1515. அதேபோல ஓ-வையும் ஏ-வையும் கூட்டி (0.62) செய்தால் பி 0.2126. மூன்றின் கூட்டுத்தொகை 0.9966. குறையும் 0.0034-இல் பாதியை ஓ-வுடன் கூட்டி, பிறகு மூன்றையும் 1.0017-ஆல் (ஒன்றும் அந்தப் பாதியும்) பெருக்கினால் 0.6353, 0.1517, 0.2130, கூட்டினால் 1.

இது ஜெர்மன் கணிதவியலாளர் ஃபெலிக்ஸ் பெர்ன்ஸ்டைன் தந்த வழி. அதற்கு முன் ஏ-வும் பி-யும் வெவ்வேறு இடங்களில் உள்ள, ஒன்றையொன்று சாராத இரு மரபணுக்கள் என்றே நம்பினார்கள். அப்படியானால் ஏபி பங்கு 0.28 × 0.38, அதாவது 106 பேர் இருக்க வேண்டும். இருப்பதோ 60. ஒரே இடத்தில் மூன்று வடிவங்கள் என்றால் 2 × 0.1517 × 0.2130, அதாவது 65. 1924-இல் அவர் பல நாட்டு மக்களின் எண்ணிக்கைகளைச் சோதித்து, ஆய்வகத்துக்குள் போகாமலேயே பழைய கொள்கையைச் சாய்த்தார்!

எண்கள் பொருந்தாவிட்டால் முதலில் மாதிரியை, அதாவது கணக்கில் எடுத்த ஆட்களின் தொகுப்பை, சந்தேகியுங்கள். ரத்த வங்கிப் பதிவேட்டில் ஓ நெகட்டிவ் கொடையாளர்களைத் தேடி அழைத்திருப்பார்கள்; முகாமுக்கு அண்ணன் தம்பிகள் சேர்ந்து வந்திருப்பார்கள். ஏ2பி ரத்தத்தை (ஏ வலுக்குறைந்து தெரியும் ஏபி வகை) வீரியம் குறைந்த ஆன்டி-ஏ சீரத்தில் (ஏ-வைக் கண்டறியும் சோதனைத் திரவம்) பார்த்தால் பி என்று பதிவாகி ஏபி குறையும். தங்களுக்குள்ளேயே மணம் முடிக்கும் இரண்டு சமூகங்களை ஒரே பட்டியலில் கலந்தாலும் கணக்கு இடறும். 1952-இல் பதிவான பம்பாய் வகை ரத்தம் சாதாரணச் சோதனையில் ஓ போலத்தான் தெரியும்; அரிது என்பதால் இந்தக் கணக்கை அசைக்காது, ரத்தம் ஏற்றும்போதுதான் ஆபத்து.

பொருத்தத்தைக் கை-வர்க்கச் சோதனையில் பார்க்கலாம்; கணக்கு சொல்லும் எண்ணிக்கையிலிருந்து உண்மை எண்ணிக்கை எவ்வளவு விலகுகிறது என்று அது அளக்கும். கட்டின்மைப் படி (தடையின்றி மாறக்கூடிய எண்ணிக்கைகள்) ஒன்றுதான், சோதனை மதிப்பு 3.84-ஐத் தாண்டினால் சந்தேகம். அதற்கு ஆட்களின் எண்ணிக்கை வேண்டும். சதவீதத்தோடு அதையும் அச்சிடுங்கள்.

– புள்ளியியல் ஆசிரியர், திருச்சி