அண்ணாவுக்கு: பிள்ளையை அட்சரகணிதம் படிக்க விடுங்கள்

அன்புள்ள அண்ணா,

பல்கலைக்கழகம் போவதற்கான உயர்தரச் சோதனைக்கு இணைந்த கணிதம் எடுத்திருக்கும் உங்கள் மகள், அதோடு பல்கலைக்கழக மட்டத்து அட்சரகணிதமும் (அல்ஜீப்ரா) படிக்க ஆசைப்படுகிறாள். "முதலில் சோதனை முடியட்டும், மற்றதெல்லாம் பிறகு" என்று சொல்லிவிட்டீர்கள். யாழ்ப்பாணத்தில் எத்தனையோ தாய் தகப்பன்மாருக்கு இதே கவலை இருக்கிறது. அதனால்தான் உங்களுக்கு எழுதுவதை எல்லோரும் வாசிக்கும்படி எழுதுகிறேன்.

உங்கள் பயம் நியாயமானது. கணிதம் படிப்பிக்கிறவள் நான், எனக்கும் தெரியும். ஒவ்வொரு வினாத்தாளுக்கும் மூன்று மணித்தியாலம். பத்துச் சிறு வினாக்கள், பிறகு ஏழில் ஐந்து பெரிய வினாக்கள். கை வேகம் இல்லாத பிள்ளை அங்கே தடுமாறிப் போகும். பல்கலைக்கழக இடத்தைத் தீர்மானிக்கும் இசட் புள்ளியில் தசமம் குறைந்து பொறியியல் பீடம் கைநழுவிய வீடுகளை நாம் இருவரும் பார்த்திருக்கிறோம்.

ஆனால் அமெரிக்காவிலிருக்கும் ஒன்றுவிட்ட அக்காவின் மகன் பள்ளிக்கூடத்திலேயே 'காலேஜ் அல்ஜீப்ரா' எடுக்கிறான் என்று எவ்வளவு பெருமையோடு சொன்னீர்கள்! அந்தப் பாடத்தில் இருப்பவை பெரும்பாலும் சார்புகள், பல்லுறுப்பிகள், அடுக்குகள், மடக்கைகள். நம் பிள்ளைகள் சாதாரண தரத்திலும் உயர்தரத்திலும் செய்கிறவைதான். அங்கே சித்தியடைந்தால் பல கல்லூரிகள் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும். அதே பாடத்துக்குத் திரும்பவும் பணம் கட்டத் தேவையில்லை. இங்கே அப்படி ஒரு வரவு கிடையாது. திருநெல்வேலியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வாசலைத் தாண்டினால் எல்லோருக்கும் முதலாம் வருடம்தான். அது அவளுக்கும் தெரியும். தெரிந்தும் கேட்கிறாள் என்பதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும்.

போன கிழமை என் வீட்டுக்கு வந்தவள், "மாமி, தாயங்களைப் பெருக்கும்போது நிரையை நிரலோடு ஏன் பெருக்குகிறோம்?" என்று கேட்டாள். தாயம் (மேட்ரிக்ஸ்) என்பது எண்களை நிரை நிரலாக அடுக்கிய கட்டம். விதி அவளுக்குச் சாதாரண தரத்திலேயே பாடம். காரணத்தை யாரும் சொன்னதில்லை. கொப்பியில் இரண்டு அச்சுகளைக் கீறி, (1, 0) என்ற புள்ளியைக் குறிக்கச் சொன்னேன். அதை இடஞ்சுழியாக 90 பாகை சுழற்றினாள். (0, 1)க்குப் போனது. கிடை அச்சில் தெறிக்க வைத்தாள், (0, -1). இனி மாறிச் செய்து பார் என்றேன். முதலில் தெறிப்பு: புள்ளி அச்சிலேயே கிடப்பதால் அசையவில்லை. பிறகு சுழற்சி: (0, 1). ஒரே இரண்டு வேலைகள், ஒழுங்கு மாறியதும் விடை வேறு. உடனே இரண்டுக்கும் உரிய தாயங்களை எழுதி, இரு ஒழுங்கிலும் தானாகவே பெருக்கினாள். தாயம் ஓர் அசைவு, பெருக்கம் என்பது ஓர் அசைவின்பின் மற்றதைச் செய்வது என்று பிடித்துக்கொண்டாள். தேநீர் ஆறிப்போனதுகூடத் தெரியவில்லை. அந்த முகத்தை நீங்கள் பார்த்திருந்தால் இந்தக் கடிதத்துக்கே தேவை இருந்திராது.

அவள் படிக்க விரும்புவது, அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் 2023 வரை படிப்பித்த கில்பர்ட் ஸ்ட்ராங்கின், இந்தத் தாயங்களைக் கையாளும் ஏகபரிமாண அட்சரகணித (லீனியர் அல்ஜீப்ரா) விரிவுரைகள். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆங்கிலத்தில் இருப்பதால் முதலில் சிரமப்படுவாள். படட்டும். நம் விஞ்ஞான பீடத்திலும் ஆங்கிலத்தில்தான் படிக்க வேண்டும்; தமிழில் உயர்தரம் எழுதிய பிள்ளைகள் முதலாம் வருடத்தில் அங்கேதான் திணறுகிறார்கள்.

நம் ஊருக்கு இது புதிதும் அல்ல. அமெரிக்க மிஷனரிமார் 1823இல் வட்டுக்கோட்டையில் தொடங்கிய செமினரி என்ற உயர்கல்விக்கூடத்தில் நம் பையன்கள் அட்சரகணிதமும் வானியலும் படித்தார்கள். அங்கே படித்துப் பின் அங்கேயே படிப்பித்த கறல் விசுவநாதபிள்ளை, 1855இல் தமிழிலேயே அட்சரகணித நூல் எழுதினார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இருவரில் அவரும் ஒருவர். அந்தச் செமினரி வகுப்புகளில் பெண் பிள்ளைகளுக்கு இடம் இருக்கவில்லை, அண்ணா. உங்கள் மகளுக்கு இன்று ஒரு போனும் ஒரு கொப்பியும் போதும்.

நேரம் எங்கே என்று கேட்பீர்கள். ஒரே பாடத்துக்கு இரண்டு ரியூசனுக்கு அனுப்புகிறீர்கள். இரண்டாவது இடத்தில் நடப்பது முதலாவதில் செய்து முடித்த அதே கடந்தகால வினாத்தாள்கள். அவளுடைய இரண்டு கொப்பிகளையும் வாங்கிப் பக்கத்துக்குப் பக்கம் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். சனிக்கிழமை வகுப்பை நிறுத்துங்கள். அந்த நேரத்தில் கிழமைக்கு ஒரு விரிவுரை, அதற்குரிய கணக்குகள். நிலையியலிலும் இயக்கவியலிலும் பயிற்சி குறையக் கூடாது, அதை நான் பார்த்துக்கொள்கிறேன். சோதனைக்கு முந்திய மூன்று மாதமும் இதைத் தொட விடமாட்டேன். தவணைப் புள்ளி இறங்கினால் நிறுத்தச் சொல்லப் போவதும் நான்தான்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். அதற்குள் அந்த மாஸ்டரோடு பேசிவிடுங்கள். அடுத்த மாதக் காசு கட்டும் நாளுக்கு முன்னரே சொல்வதுதான் அவருக்கும் மரியாதை.

அன்புடன்,
தங்கச்சி