அறுபது நாள் தடை போதாது: வேளாண்மைத் துறை அமைச்சருக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு வேளாண்மை – உழவர் நலத்துறை அமைச்சர் அவர்களுக்கு,

வணக்கம். கடலூர் மாவட்டத்தில் உங்கள் துறையில் உதவி வேளாண்மை அலுவலராக முப்பத்தோரு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். தற்கொலைத் தடுப்பு பற்றி இந்த மடலை எழுதுகிறேன். 'இது சுகாதாரத் துறைக்குப் போக வேண்டிய தபால்' என்று உங்கள் அலுவலகத்தில் யாராவது குறிப்பெழுதித் திருப்பிவிட நினைக்கலாம். தயவுசெய்து திருப்ப வேண்டாம். தெரிந்துதான் உங்கள் முகவரியை எழுதியிருக்கிறேன்.

எங்கள் பக்கத்தில் பூச்சிக்கொல்லி என்று யாரும் சொல்வதில்லை. மருந்து என்போம். "மருந்து அடிக்க வேண்டும்", "கடையில் மருந்து சொல்லிவிட்டு வா", "போன தடவை வாங்கிய மருந்து கேட்கவில்லை". அடுத்த தெருவில் அழுகுரல் கேட்டு ஓடும்போதும் அதே சொல்தான்: "மருந்தைக் குடித்துவிட்டானாம்." அரசுத் துண்டறிக்கைகளிலும் நாங்கள் பூச்சிமருந்து என்றே அச்சடித்தோம். நோய் தீர்க்கும் பொருளுக்கு வைத்த பெயரை இதற்கும் வைத்து, அரிசிப் பானைக்கும் சாமி படத்துக்கும் பக்கத்தில் இடமும் கொடுத்துவிட்டோம்.

என் பணிக்காலத்தின் நடுவில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். நெற்பயிரில் இலைச்சுருட்டுப் புழு என்று ஒருவர் வந்து நின்றார். அரைக் காணி நிலம். வயலைப் போய்ப் பார்த்து, ஒரு மருந்தின் பெயரைச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். அவருக்குத் தேவைப்பட்டது கொஞ்சம். கடையில் கிடைத்த பாட்டில் பெரியது. மீதியை வீட்டில் வைத்தார். இரண்டு வாரம் கழித்து ஒரு மாலை, வீட்டில் ஏதோ வாய்ச்சண்டை. அவர் மனைவிக்கு அப்போது இருபத்தாறு வயது இருக்கலாம். துக்கம் விசாரிக்கப் போனபோது காலண்டர் ஆணியில் ஒரு சீட்டு குத்தியிருந்தது. என் கையெழுத்து.

அவள் ஏன் அப்படிச் செய்தாள் என்று ஊர் ஆளுக்கொரு காரணம் சொன்னது. எனக்குத் தெரியாது. ஒரு மனிதரின் கடைசி நாளை ஒற்றைக் காரணத்தில் அடக்கிவிடலாம் என்ற நம்பிக்கையும் எனக்கு இல்லை. அந்தப் பாட்டில் அங்கே எப்படி வந்தது என்பது மட்டும் தெரியும். அதற்கு அரசு அனுமதி இருந்தது, உரிமம் பெற்ற கடை இருந்தது, என் சீட்டு இருந்தது. மூன்றும் நம் துறையைச் சேர்ந்தவை.

பிழைத்தவர் ஒருவரும் எங்கள் ஊரில் இருக்கிறார். தினமும் என்னோடு டீ குடிப்பவர். ஒரு நாள் அவராகவே சொன்னார்: "கோபம் ஒரு மணி நேரத்தில் போய்விட்டது சார். மருந்துதான் போகவில்லை." மூன்று வாரம் மருத்துவமனையில் கிடந்து எழுந்தவர், இன்று பேரனைப் பள்ளிக்குக் கொண்டுபோய் விடுகிறார். இலங்கையில் இப்படிப் பிழைத்தவர்களிடம் மருத்துவமனைகளில் பேசிய ஆய்வாளர்களும் இதைத்தான் எழுதியிருக்கிறார்கள். பாதிக்கு மேற்பட்டோர் முடிவெடுத்த அரை மணி நேரத்துக்குள் செய்துவிட்டார்கள். கையில் எட்டியது எதுவோ அதுவே அவர்கள் எடுத்தது. பிழைத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பின்னாளில் தற்கொலையால் இறப்பதில்லை. 'சாக நினைத்தவன் எப்படியும் செத்துவிடுவான்' என்று திண்ணையில் உட்கார்ந்து சொல்கிறவர்கள் இந்த ஒரு செய்தியை மட்டுமாவது கேட்டுக்கொள்ள வேண்டும்.

இலங்கையின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். ஆனாலும் நம் துறைக் கூட்டங்களில் ஒரு முறைகூட அதை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. 1990களின் நடுவில் உலகிலேயே மிக அதிகமான தற்கொலை விகிதம் கொண்ட நாடுகளில் ஒன்று அது. லட்சம் பேருக்கு 47 வரை போனது. மிகக் கொடிய பூச்சிமருந்துகளை அங்கே 1995இல் நிறுத்தினார்கள், 1998இல் இன்னொன்றை, 2008 முதல் 2011 வரை மேலும் சிலவற்றை. விகிதம் 70 விழுக்காடு சரிந்தது. இருபது ஆண்டுகளில் ஏறக்குறைய 93,000 உயிர்கள் தப்பியிருக்கலாம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அந்த ஆண்டுகளில் அங்கே போர் நடந்தது, சுனாமி வந்தது. வறுமையும் குடியும் குடும்பச் சண்டையும் ஒழிந்துவிடவில்லை. கோபத்தில் கையை நீட்டியவர்கள் அப்போதும் இருந்தார்கள். கையில் கிடைத்தது முன்பைப் போல் கொல்லவில்லை, மருத்துவமனைக்குப் போய்த் திரும்பி வந்தார்கள்.

இலங்கை என்றதும் உங்கள் அதிகாரிகள் 2021ஐ நினைப்பார்கள். ரசாயன உரத்தையும் மருந்தையும் ஒரே இரவில் ஒட்டுமொத்தமாக நிறுத்தி, விளைச்சல் விழுந்து, அதே ஆண்டு முடிவதற்குள் பின்வாங்கிய கூத்து அது. நான் சொல்வது அதை இல்லை. முந்தைய தடைகள் ஒவ்வொன்றாக, மாற்று மருந்து கடையில் இருக்கும்போது, பல ஆண்டுகள் எடுத்துச் செய்யப்பட்டவை. அவற்றால் நெல் விளைச்சல் குறையவில்லை என்று பின்னர் ஆய்ந்து பார்த்திருக்கிறார்கள். கேரளமும் 2011இல் பதினான்கு மருந்துகளை நிறுத்தியது. அங்கேயும் வயல் காய்ந்துவிடவில்லை.

மருந்து இல்லாமல் பயிரைக் காப்பாற்ற முடியுமா என்று கேட்பவர்களுக்கு, பூச்சியியல் படித்த எவரும் மறக்கக் கூடாத ஒரு பாடத்தை நினைவூட்டுகிறேன். 1986இல் இந்தோனேசியா நெல்லுக்கு அடித்துவந்த 57 மருந்துகளை ஒரே ஆணையில் தடை செய்தது. மனித உயிரை நினைத்து எடுத்த முடிவு இல்லை அது. நெல்லின் சாற்றை உறிஞ்சும் புகையான் என்ற பூச்சியின் தாக்குதல் கட்டுக்கடங்காமல் போனதற்குக் காரணமே மருந்துதான் என்று கண்டுகொண்டார்கள். புகையானைத் தின்னும் சிலந்தியையும் நாவாய்ப்பூச்சியையும் மருந்து முதலில் கொன்றுவிடுகிறது. தடைக்குப் பிறகு அங்கே நெல் விளைச்சல் கூடியது. உழவர் வயல்வெளிப் பள்ளி என்று நாம் இன்று நடத்துவதும் அங்கிருந்து வந்ததுதான். விளக்குப்பொறி, இனக்கவர்ச்சிப் பொறி, பறவை தாங்கி, வேப்பங்கொட்டைக் கரைசல், முட்டை ஒட்டுண்ணி அட்டை எல்லாம் நம் பயிற்சிக் கையேட்டிலேயே இருக்கின்றன. அச்சிட்டோம், விநியோகித்தோம். உழவர் நேராக மருந்துக் கடைக்குப் போனார். ஏனென்றால் கடைக்காரர் கடன் கொடுப்பார். நாம் துண்டறிக்கை கொடுப்போம்.

தமிழ்நாடு எதுவும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆறு பூச்சிமருந்துகளுக்கு 60 நாள் தடை விதித்து, எலியைக் கொல்லும் நச்சுப் பசைக்கு நிரந்தரத் தடையும் அறிவித்தது இந்த அரசாங்கக் கட்டமைப்புதான். அந்தச் செய்தியைப் படித்த அன்று, காலண்டர் ஆணியில் இருந்த சீட்டை நினைத்துக்கொண்டேன். ஆனால் அறுபது நாள் என்றால் ஒரு சாகுபடிப் பட்டம்கூட முழுதாக இல்லை. கடைக்காரர் சரக்கைப் பின்கட்டில் அடுக்கிவைத்துக் காத்திருந்தால் முடிந்துபோகும். 1968ஆம் ஆண்டின் பூச்சிமருந்துச் சட்டம் மாநிலத்துக்குக் கொடுக்கும் அதிகாரம் அவ்வளவுதான் என்பது தெரியும். 27ஆம் பிரிவின்படி அறுபது நாள், விசாரணை முடியாவிட்டால் மேலும் முப்பது நாள். பதிவை ரத்து செய்வது தில்லியின் கையில் இருக்கிறது. தில்லி 2020 மே மாதம் 27 மருந்துகளைத் தடை செய்வதாக வரைவு வெளியிட்டது. 2023இல் இறுதி ஆணை வந்தபோது அந்த எண்ணிக்கை ஒரு கை விரல்களுக்குள் அடங்கிப்போயிருந்தது. ஒன்றிய அரசே 2022இல் வெளியிட்ட தேசியத் தற்கொலைத் தடுப்பு உத்தி, 2030க்குள் இறப்பைப் பத்து விழுக்காடு குறைப்போம் என்கிறது. இந்த இரண்டு கோப்புகளும் ஒன்றையொன்று சந்தித்ததே இல்லை போலும்.

ஆகவே முதல் வேண்டுகோள்: எந்த மருந்தால் எத்தனை பேர் நம் அரசு மருத்துவமனைகளுக்கு வருகிறார்கள், எத்தனை பேர் திரும்பிப் போகிறார்கள் என்ற கணக்கைச் சுகாதாரத் துறையிடமிருந்து மாவட்டவாரியாக வாங்குங்கள். அந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு, நிரந்தரத் தடை கேட்டு தில்லியோடு மல்லுக்கட்டுங்கள். நீட் தேர்வுக்கும் காவிரிக்கும் கடிதம் எழுதிச் சலிக்காத மாநிலம் இது. இதற்கும் ஒன்று எழுதலாம்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 கணக்கில், தமிழ்நாட்டில் 19,834 பேர் தற்கொலையால் இறந்திருக்கிறார்கள். மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம். லட்சம் பேருக்கு இந்தியச் சராசரி 12.4, நம்முடையது 25.9. நாடு முழுவதும் ஏறத்தாழ நான்கில் ஒன்று விஷத்தால் நடந்தது. மீதி முக்கால் பங்குக்குச் செய்ய வேண்டியவை வேறு பல. அவற்றை மற்றவர்கள் பார்க்கட்டும். இந்தக் கால் பங்கில் நம் துறைக்கு வேலை இருக்கிறது. அதே அறிக்கையில் நாடு முழுவதும் வேளாண்மையைச் சார்ந்து இறந்தவர்கள் 11,290 பேர். அதில் நிலம் வைத்திருந்தவர்களைவிடக் கூலி வேலைக்குப் போனவர்கள் அதிகம். 'விவசாயி தற்கொலை' என்று சட்டமன்றத்தில் சண்டை வரும்போதெல்லாம் பட்டா யார் பெயரில் என்பதைத்தான் தோண்டுகிறோம். அந்த இருபத்தாறு வயதுப் பெண்ணின் பெயரில் பட்டா இல்லை. எந்தக் கணக்கிலும் அவள் உழவர் இல்லை.

சேமிப்பு பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் நல்ல நோக்கத்தோடு பணத்தை வீணாக்கும் வாய்ப்பு அதிகம். வீட்டுக்கு வீடு பூட்டுப் பெட்டி கொடுக்கலாம் என்ற யோசனை கேட்பதற்கு அழகாக இருக்கும். தொடக்க விழாவுக்கும் வசதி. இலங்கையின் அனுராதபுரப் பக்கம் 180 கிராமங்களில், 50,000க்கும் மேற்பட்ட வீடுகளில் இதைச் செய்து பார்த்தார்கள். பயன் இல்லை என்று 2017இல் முடிவு வந்தது. வீட்டுப் பெட்டியின் சாவி வீட்டிலேயே இருக்கிறது, அவ்வளவுதான் விஷயம். நம் காட்டுமன்னார்கோயில் பக்கத்தில் வேறு மாதிரி செய்தார்கள். 1986 முதல் சென்னையில் இயங்கும் ஸ்நேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பின் டாக்டர் லட்சுமி விஜயகுமாரும் மற்றவர்களும் சேர்ந்து, ஊருக்குப் பொதுவாக ஒரு கிடங்கு கட்டி, வங்கி லாக்கர் போல ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஓர் அறை கொடுத்தார்கள். மருந்து அடிக்கும் அன்று போய் எடுக்க வேண்டும், மீதியை அங்கேயே வைக்க வேண்டும். எங்கள் ஊர்க்காரர்கள் அலைச்சல் என்று முணுமுணுப்பார்கள் என்று எதிர்பார்த்திருப்பேன். அங்கே மக்கள் அதை ஏற்றுக்கொண்டார்கள். சிறிய ஆய்வுதான், சில கிராமங்கள்தான். ஆனாலும் மருந்து வீட்டைவிட்டு வெளியே போனது.

கடைக்காரர்களை வில்லனாக்குவதில் எனக்கு விருப்பமில்லை. எந்த வீட்டில் கடன் முற்றியிருக்கிறது, யார் நான்கு நாளாகச் சரியாகப் பேசவில்லை என்பது ஊரில் அவர்களுக்குத்தான் முதலில் தெரியும். விற்பனையாளர்களுக்கென்று ஓராண்டுப் பட்டயப் படிப்பு இருக்கிறதே, அதில் ஒரு நாளை இதற்கு ஒதுக்குங்கள்: முகம் வாடி வந்து, பயிர் பெயர் கேட்டால் தடுமாறும் ஒருவரிடம் என்ன பேசுவது, எப்படி உட்காரவைத்து ஒரு டீ வாங்கிக் கொடுத்து வீட்டுக்குத் தகவல் சொல்வது என்று. சிறிய பாட்டில் கிடைக்கச் செய்யுங்கள். மீதியைத் திரும்ப வாங்கிக்கொள்ளக் கடைகளுக்கு ஒரு வழி செய்து கொடுங்கள். ரசீதின் அடியில் மன உளைச்சலில் இருப்பவர்கள் அழைக்கும் 104, 14416 ஆகிய இரு உதவி எண்களையும் அச்சிடச் சொல்லுங்கள். இரண்டிலும் எந்த நேரத்திலும் பேசலாம், செலவில்லை.

இதெல்லாம் வேளாண்மைத் துறையின் வேலையா என்று இன்னும் தோன்றினால், பள்ளிக் கல்வித் துறையைப் பாருங்கள். பன்னிரண்டாம் வகுப்பில் தோற்ற பிள்ளை ஒரு வருடம் வீணாகாமல் உடனே மறுபடி எழுதி, அதே ஆண்டு கல்லூரியில் சேரலாம் என்று அவர்கள் ஏற்பாடு செய்தார்கள். மனநல மருத்துவர்கள் யோசனை சொன்னார்கள், தேர்வு அட்டவணையை மாற்றியது கல்வித் துறை. தேர்வு முடிவு நாளின் துயரச் செய்திகள் அதற்குப் பிறகு குறைந்தன.

எங்கள் ஊரில் துறையின் பழைய விதைக் கிடங்கு ஒன்று பத்து வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது. ஓடு நன்றாக இருக்கிறது, ஒரு சன்னல் மட்டும் பெயர்ந்திருக்கிறது. சாவி உதவி இயக்குநர் அலுவலகத்தில் இருக்கிறது. குறுவை நாற்று விடுவதற்குள் அதைத் திறக்க அனுமதி கொடுத்தால், லாக்கர் அடிக்கத் தச்சருக்கு ஆகும் செலவை நாங்கள் ஐந்தாறு பேர் ஓய்வூதியத்திலிருந்து போட்டுக்கொள்வதாகப் பேசிவைத்திருக்கிறோம். காலை ஆறு மணிக்குத் திறந்து மாலை பூட்டும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன். விண்ணப்பம் தனியாக அனுப்பியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உதவி வேளாண்மை அலுவலர் ஒருவர்
கடலூர் மாவட்டம்